கோடுகளில் ஒரு கடல்

(ஓவிய ரசிகர் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்த மண்டபத்தின் மேற்குச் சுவரில் மாட்டியிருக்கும் படத்தைக் கூட்டம் தொடங்குமுன் உங்களில் பலர் அருகில் சென்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அப்படிப் பார்த்தவர்களுள் பள்ளி மாணவன் ஒருவன் என்னிடம் வந்து, "ஐயா, கீழே கடல் என்று எழுதியிருக்கிறதே, இதில் கடல் எங்கே இருக்கிறது?" என்று கேட்டான். நான் ஒரு முகவுரை எழுதிக்கொண்டு வந்திருந்தேன். அந்தக் கேள்வியைக் கேட்டபின் அதை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். நவீன ஓவியத்தைப் பற்றிப் பெரியவர்கள் தயக்கத்தோடும், சில வேளை கோபத்தோடும், மனத்துக்குள் அடக்கி வைத்திருக்கும் கேள்வியை அந்தச் சிறுவன் நேராகக் கேட்டுவிட்டான். அதற்கு என்னால் இயன்ற விடையைச் சொல்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

சுவரில் இருப்பது, பீட் மோன்ட்ரியான் என்னும் டச்சு ஓவியர் 1915-ஆம் ஆண்டில் கித்தான்மீது எண்ணெய் வர்ணத்தால் தீட்டிய சித்திரத்தின் பிரதி. மூலச் சித்திரம் ஹாலந்து தேசத்தில் ஓட்டர்லோ என்ற ஊரை அடுத்த வனத்தின் நடுவே அமைந்த க்ரொலர்-முல்லர் காட்சிசாலையில் இருக்கிறது. அதன் உயரம் 85 சென்டிமீட்டர். அகலம் 108 சென்டிமீட்டர். 'கறுப்பு வெள்ளையில் 10-ஆம் அமைப்பு' என்பது அதன் பெயர். 'கடற்பாலமும் கடலும்' என்ற பெயராலும் ரசிகர்கள் அதைக் குறிப்பிடுவார்கள்.

பொருளைப் பற்றிப் பேசுமுன், கண்ணுக்குத் தெரிவது இன்னதென்று சொல்லிக்கொள்வது நல்லது. நம் உரையாசிரியர்கள் விசேஷ உரைக்குப் போகுமுன் பதவுரை சொன்ன முறை அதுதான். வெண்மையான பரப்பின்மேல் கறுப்புச் சிறு கோடுகள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. அவற்றுள் சில கிடைக்கோடுகள், மற்றவை நெடுங்கோடுகள், சாய்ந்த கோடு ஒன்று இல்லை, வளைந்த கோடும் இல்லை. சில இடங்களில் ஒரு கிடைக்கோட்டை ஒரு நெடுங்கோடு வெட்டிச் செல்வதால் கணக்குப் புத்தகத்துக் கூட்டல் குறி போன்ற உருவம் உண்டாகிறது. சில இடங்களில் கிடைக்கோடு தனியே நின்று கழித்தல் குறி போல் காண்கிறது. வேறு சில இடங்களில் ஒன்றையொன்று தொட வந்து தொடாமலே நின்றுவிடுகின்றன. வளைவே இல்லாத இந்தக் கோடுகள் எல்லாம் சேர்ந்து, மூலைகளை வெறுமையாக விட்டு, ஒரு நீள்வட்டமாக அமைந்திருப்பது இதன் முதல் அதிசயம். கீழ்ப்பகுதியின் மத்தியில் மாத்திரம் நெடுங்கோடுகள் நெருங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக எழும்பி, சித்திரத்தின் நடுவை நோக்கி ஏறிச் சென்று, பிறகு எங்கே முடிந்தன என்று சொல்ல முடியாதபடி மற்றக் கோடுகளோடு கலந்துவிடுகின்றன. இவ்வளவுதான் பதவுரை.

இத்தகைய அரூப ஓவியத்தின் முன் நிற்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றில் போய்விடுகிறார்கள். குழந்தைகள் பத்திரிகையில், மரக்கிளைகளுக்குள் வேடன் ஒருவன் ஒளிந்திருக்கிறான், கண்டுபிடியுங்கள் என்று ஒரு படம் போடுவார்களல்லவா? அதுபோல, இந்தக் கோடு அலை, அந்தக் கோடு கம்பம், மேலே இருப்பது நட்சத்திரம் என்று ஒவ்வொன்றாகப் பெயரிட்டு, எல்லாவற்றையும் கண்டுபிடித்ததும் வேலை முடிந்ததென்று அடுத்த படத்துக்குப் போவது ஒரு வழி. "இதற்கு என்று ஒரு பொருள் கிடையாது, அவரவர் மனத்துக்கு என்ன தோன்றுகிறதோ அதுவே பொருள்" என்று சொல்லிவிடுவது இன்னொரு வழி. பின்னது பணிவு போலத் தோன்றினாலும் எனக்கு அதிகமாக வருத்தம் தருவது அதுதான். ஒரு மனிதர் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டு ஒரு கோட்டை இங்கே நிறுத்தலாமா, அரை அங்குலம் தள்ளி நிறுத்தலாமா என்று தேர்ந்து வைத்திருக்கையில், எங்கே வைத்திருந்தாலும் எனக்கு ஒன்றுதான் என்று சொல்வதற்கு அது சமானமாகும். ஒரு குறளுக்குப் பரிமேலழகர் ஒருவிதமாகவும் மணக்குடவர் ஒருவிதமாகவும் உரை காணலாம். ஆயினும் இருவரும் மூலத்தின் சொற்களுக்குக் கட்டுப்பட்டவர்கள். ஓவியத்துக்கு உரை காண்பவனும் கித்தானில் உள்ளதற்கும், அதை அங்கே கொண்டுவந்து சேர்த்த பார்வைக்கும் கட்டுப்பட்டவன் என்பது என் கட்சி. ஆகவே, அந்தப் பார்வை நடந்து வந்த பாதையில் நாமும் சிறிது தூரம் நடந்து பார்ப்போம்.

மோன்ட்ரியான் 1872-இல் ஆமர்ஸ்ஃபூர்ட் என்ற ஊரில் பிறந்தார். தந்தை பள்ளித் தலைமையாசிரியர். சித்திரம் கற்பிக்கவும் தெரிந்தவர். சிற்றப்பா ஒருவர் தொழில்முறை ஓவியர். ஆம்ஸ்டர்டாம் கலைக்கழகத்தில் முறையாகப் பயின்ற மோன்ட்ரியான், ஏறக்குறைய இருபது ஆண்டுக் காலம், காற்றாலை, ஆற்றங்கரை, பசுக்கள் மேயும் புல்வெளி, அந்தி மாலையின் மரவரிசை ஆகியவற்றை எந்தத் திறமையுள்ள டச்சு ஓவியரும் வரைவது போலவே வரைந்துகொண்டிருந்தார். நேர்கோடும் வெறும் வெள்ளையும் கொண்டு படம் போடுகிறவருக்கு உருவம் எழுதத் தெரியாது என்று எண்ணுகிறவர்கள் அந்தச் சித்திரங்களைப் பார்க்க வேண்டும்.

அவர் நடந்த பாதையை அவருடைய மரங்களே காட்டுகின்றன. ஹேக் நகரத்துக் காட்சிசாலையில் இருக்கும் மூன்று மரங்களைச் சொல்கிறேன். 1908-இலிருந்து 1910 வரை அவர் வரைந்த செம்மரம், நீல வெளியின் முன்னால் தீப்பிடித்தாற்போல் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. நிறம் விசித்திரமானதே தவிர, அது மரம் என்பதில் யாருக்கும் ஐயம் எழாது. 1911-இல் வரைந்த சாம்பல் மரத்தில் நிறம் போய்விட்டது. கிளைகள் வில்போல் வளைந்து படத்தின் இரு ஓரங்களையும் தொடுகின்றன. கிளைக்கும் கிளைக்கும் இடையே உள்ள வெளி, வெறும் வெளியாக இராமல், தானும் ஒரு கனம் பெற்று முன்வந்து நிற்கிறது. 1912-இல் வரைந்த பூத்த ஆப்பிள் மரத்தில் அடிமரம் என்று சுட்டிக் காட்ட ஒன்றுமில்லை. வளைகோடுகளும் அவற்றின் இடைவெளிகளுமே மிஞ்சியிருக்கின்றன. இந்த மூன்றையும் வரிசையாகப் பார்க்கிறவனுக்கு ஓர் உண்மை புலப்படும். ஓவியர் மரத்தைக் கைவிட்டுக் கோட்டுக்குத் தாவவில்லை. மரத்தையே விடாமல் பார்த்துக்கொண்டிருந்ததால், மரத்தில் தம்மை ஈர்த்தது கிளையும் வெளியும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் சம்பந்தமே என்று கண்டுகொண்டார். இடையில், 1911-இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த கண்காட்சியில் பிக்காசோவும் பிராக்கும் எழுதிய சித்திரங்களை அவர் கண்டதும், அதன் விளைவாகவே பாரிஸ் நகரத்துக்குக் குடிபெயர்ந்ததும் இந்த மாறுதலை விரைவுபடுத்தின. 1914 ஜனவரியில் ஒரு கலை ஆலோசகருக்கு எழுதிய கடிதத்தில், இயற்கையே தமக்கு உணர்ச்சி ஊட்டுகிறதென்றும், ஆயினும் அதன் அடிப்படையைத் தொடும் வரையில் ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டு போக விரும்புவதாகவும் அவரே விளக்கியிருக்கிறார்.

அதே ஆண்டுக் கோடையில், நோயுற்றிருந்த தந்தையைப் பார்க்க அவர் ஹாலந்துக்கு வந்தார். சில வாரத்துப் பயணம் என்று எண்ணி வந்தவரை, அப்போது மூண்ட முதல் மகாயுத்தம் தாய்நாட்டிலேயே நிறுத்திவிட்டது. 1919 வரையில் அவர் பாரிஸுக்குத் திரும்ப முடியவில்லை. தந்தை 1915-இல் காலமானார். இந்தக் காலத்தில்தான் அவர், தாம் முன்பே பல முறை சென்று தங்கிய டோம்பூர்க் என்ற கடற்கரை ஊருக்கு மறுபடி சென்று, கையடக்கமான நோட்டுப் புத்தகங்களில் கரியால் கடலை வரையத் தொடங்கினார்.

டோம்பூர்க், ஸேலாண்ட் மாகாணத்தில், முன்பு தீவாக இருந்த வால்கெரன் என்ற பகுதியில் இருக்கிறது. ஸேலாண்ட் என்ற பெயருக்கே கடல்நாடு என்றுதான் பொருள். ஹாலந்து தேசத்தின் நிலத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே இருப்பது. மணல்மேடும், மனிதர் கட்டிய கரையும் இல்லையானால் அங்கே ஊர் இல்லை. டோம்பூர்க் கடற்கரையில், மணலை அலை அரித்துக்கொண்டு போகாதபடி தடித்த மரக்கம்பங்களை வரிசை வரிசையாக மணலில் அறைந்து, கடலுக்குள் நீட்டி விட்டிருக்கிறார்கள். நம் கடலோர ஊர்களில் இப்போது தூண்டில் வளைவு என்று சொல்லும் கல்வரிசை செய்கிற வேலையை அங்கே அந்தக் கம்பங்கள் செய்கின்றன. சித்திரத்தின் பெயரில் கடற்பாலம் என்று வருகிறதே, அது கப்பல் வந்து அணையும் பெரிய பாலம் அன்று, இந்தக் கம்பவரிசைதான்.

இங்கே கொஞ்சம் நின்று நிதானிக்க வேண்டுகிறேன். என் பேச்சின் உயிர்நிலை இதுதான். அந்தக் கரையில் கடலைப் பார்த்து ஒருவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பவரிசை அவர் காலடியில் தொடங்கி, மணலைத் தாண்டி, நீருக்குள் விலகி விலகிப் போகிறது. உண்மையில் அது தரைமட்டத்தில் நீண்டு கிடப்பது. கடலைப் போலவே அதுவும் படுத்துத்தான் இருக்கிறது. ஆயினும், பார்க்கிறவர் தம் முன்னால் கண்டதைத் தட்டையான ஒரு தாளில் எழுதப் புகுந்தவுடன், தம்மைவிட்டு அகன்று போகும் அந்த வரிசை, தாளின் அடியிலிருந்து மேல் நோக்கி ஏறும் நெடுங்கோடாக மாறிவிடுகிறது. விலகிச் செல்வது எழுந்து நிற்பதாகிறது. ஒரு பொருளையும் உருமாற்றாமல், ஒரு கம்பத்தையும் விட்டுவிடாமல், உள்ளது உள்ளபடி எழுதுகிற ஓவியருக்கும் இது நேர்ந்தே தீரும். கண்ணால் கண்ட கடல் முழுவதும் கிடைக்கோடு. அதன் நடுவே, பார்வையின் நியமத்தாலேயே உண்டான ஒரே நெடுங்கோடு இந்தக் கம்பவரிசை. அரூபம் என்பது ஓவியர் தம் அறையில் உட்கார்ந்து கற்பித்துக்கொண்ட சூத்திரம் அன்று. அது அந்தக் கரையிலேயே, அவர் கண்ணும் தாளும் சந்தித்த அந்த க்ஷணத்திலேயே தொடங்கிவிட்டது. பிறகு அவர் செய்ததெல்லாம், அப்படித் தோன்றிய ஒரு நெடுமையையும் ஒரு கிடைமையையும் படம் முழுவதும் பரவவிட்டு, எது எதை வெல்கிறது என்று சொல்ல முடியாத ஒரு சமநிலை வரும்வரை கோடு கோடாகத் திருத்தியதுதான்.

இந்தச் சித்திரத்துக்கு முன்னோடியாக அவர் கரியால் வரைந்த பெரிய படங்கள் சில எஞ்சியிருக்கின்றன. அவற்றுள் ஒன்று, கடலும் நட்சத்திர வானமும் என்ற பெயரோடு, நியூயார்க்கின் நவீனக் கலைக் காட்சிசாலையில் இருக்கிறது. அதையும் இதையும் ஒப்பிட்டால், கம்பவரிசையின் உருவம் முன்னதில் தெளிவாகவும் இதில் கலைந்தும் இருப்பதைக் காணலாம். தெளிவாக எழுதிப் பார்த்தபின்பே அவர் கலைத்தார்.

அந்த நீள்வட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாரிஸில் பிக்காசோ, பிராக் முதலிய கியூபிச ஓவியர்கள், நாற்கோணப் படத்தின் மூலைகளை என்ன செய்வதென்று அறியாமல், நடுவில் திரளும் உருவங்களுக்கு ஏற்றதென்று நீள்வட்டத்தைக் கையாண்டார்கள்; மோன்ட்ரியான் அதை அவர்களிடம் கற்றார். ஆயினும், கற்ற வித்தை டோம்பூர்க் கரைக்கு வந்ததும் வேறு பயன் பெற்றது. கடல் முன்னால் நிற்பவன் கண்ணை அசைக்காமல் பார்த்தால், நடுவே காட்சி நிறைந்தும் ஓரங்களில் மங்கியும் தெரிவதைக் கவனிக்கலாம். நீள்வட்டம் இங்கே கடலுக்கு இட்ட சட்டம் என்பதைவிட, பார்க்கிற மனிதனின் பார்வை வட்டம் என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. மனித உருவம் ஒன்றுமில்லாத இந்தப் படத்தில் ஒருவர் நிற்கிறார் என்ற உணர்ச்சி நமக்கு வருவதற்கும் அதுவே காரணம்.

இனி, இந்த நகரத்தில் இருந்து பேசும்போது விட்டுவிடக் கூடாத ஒரு செய்தி. மோன்ட்ரியான் 1909-ஆம் ஆண்டில் பிரம்மஞான சபையின் டச்சுக் கிளையில் அங்கத்தினராகச் சேர்ந்தார். அந்தச் சபையின் உலகத் தலைமையகம் நம்முடைய அடையாற்றில் இருக்கிறது; அப்போது அதன் தலைவராக இருந்தவர் அன்னி பெசன்ட் அம்மையார். பாரிஸிலும் டோம்பூர்க்கிலும் அவர் எழுதி வைத்த நோட்டுக் குறிப்புகளில், நெடுங்கோட்டை ஆண் தத்துவமாகவும் ஆன்மாவாகவும், கிடைக்கோட்டைப் பெண் தத்துவமாகவும் ஜடப்பொருளாகவும் கருதிய எண்ணங்கள் காணப்படுகின்றன. ஆகவே இந்தச் சித்திரம் புருஷனும் பிரகிருதியும் கூடுவதைக் காட்டுகிறது என்று சொல்லி முடித்துவிடும் விமரிசகர்கள் உண்டு. அது பொய்யன்று, ஆனால் போதாது. சித்தாந்தம் ஒன்றே நல்ல சித்திரத்தைப் பிறப்பிக்குமானால், 1910-11-இல் அவர் எழுதிய 'பரிணாமம்' என்னும் மூன்று பகுதிச் சித்திரம் இதைவிட மேலானதாக இருந்திருக்க வேண்டும். ஞானத்தின் மூன்று படிகளைக் குறிக்கும் மூன்று பெண்ணுருவங்கள், விறைப்பாக, நீல நிறத்தில், அடையாளக் குறிகளோடு அதில் நிற்கின்றன. கொள்கையை முதலில் வைத்துக்கொண்டு அதற்கு உருவம் தேடியதனால் அது ஒரு போதனைப் படமாகவே நின்றுவிட்டது. அதே கொள்கையுள்ள அதே மனிதர், நான்கு ஆண்டுக்குப் பின், பார்த்துக்கொண்டிருந்த கடலிலிருந்து தொடங்கியபோது இந்தச் சித்திரம் கிடைத்தது. கொள்கை அவருக்குத் தைரியம் கொடுத்தது. கோட்டைக் கொடுத்தது கடல்.

நெய்தல் திணையைப் படித்து வளர்ந்த நமக்கு, கடற்கரை என்றதும் இரங்கலைத் தேடும் பழக்கம் உண்டு. தந்தையின் நோயும் யுத்தமும் தனிமையும் சேர்ந்த காலத்தில் எழுந்தது இது என்று அறிந்ததும், கறுப்புக் கோடுகளில் துக்கத்தைக் காண மனம் ஓடுகிறது. நானும் ஒரு காலத்தில் அப்படிப் பேசியிருக்கிறேன். இப்போது அதை ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை. கோடுகளில் பதற்றம் இல்லை. கனத்துக் கீழே சரிவதும் இல்லை. எங்கே பார்த்தாலும் ஒன்றுக்கு ஒன்று ஈடுகொடுத்து நிற்கின்றன. ஓவியருடைய வாழ்க்கையை அறிந்திருப்பது நல்லதே; கித்தானில் இல்லாத ஒன்றை அந்த வாழ்க்கையிலிருந்து எடுத்து வந்து ஒட்டுவது மாத்திரம் தகாது.

ஆனால், அந்த நிலத்தின் வாழ்க்கை கித்தானில் இருக்கிறது என்று நான் துணிந்து சொல்வேன். நெடுக நட்ட மரமும் கிடந்து உருளும் நீரும் ஒன்றையொன்று எதிர்த்தும் தாங்கியும் நிற்பது வால்கெரன் மக்களுக்கு ஒரு தத்துவம் அன்று. அவர்கள் வீட்டு வாசலில் நிற்கும் செய்தி. டோம்பூர்க்கை அடுத்த வெஸ்ட்கபெல்லே என்ற ஊரின் கலங்கரை விளக்கத்தை மோன்ட்ரியான் பல முறை வரைந்திருக்கிறார். அவர் 1944 பிப்ரவரி 1-ஆம் தேதி நியூயார்க்கில் காலமானார். அதே ஆண்டு அக்டோபர் 3-ஆம் தேதி, ஜெர்மானியப் படையை வெளியேற்றும் பொருட்டு நேச நாட்டு விமானங்கள் வெஸ்ட்கபெல்லேயின் கடற்கரை அணையைக் குண்டு வீசி உடைத்தன. கடல் உள்ளே புகுந்து வால்கெரனின் பெரும்பகுதியை மூழ்கடித்தது. நிற்பதற்கும் கிடப்பதற்கும் இடையே உள்ள சமநிலை அங்கே எவ்வளவு அருமையானது என்பதை அந்தச் சம்பவம் காட்டுகிறது. இந்தச் சித்திரத்தில் கம்பவரிசை கடலை வெல்லவில்லை. கடலும் கம்பவரிசையை விழுங்கவில்லை. அந்த ஊரில் நின்று அப்படி ஒரு படத்தை எழுதுவது லேசான காரியம் அன்று.

இதற்குப் பிறகு அவர் இயற்கைக் காட்சியைத் தொட்டு எழுதியது சொற்பம். 1917-இல் 'டி ஸ்டைல்' என்ற பத்திரிகையைத் தொடங்கிய கலைஞர் குழுவில் சேர்ந்தார். பாரிஸுக்குத் திரும்பியபின், கறுப்புக் கோட்டுக் கட்டங்களுக்குள் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றையும் வைத்து எழுதிய சித்திரங்களாலேயே உலகம் அவரை அறிகிறது. அவற்றின் பெருமையைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆயினும், என் சொந்த அபிப்பிராயம், அவருடைய சித்திரங்களுள் மிக உயர்ந்தது இந்தக் கடல் சித்திரமே என்பது. பின்னால் வந்தவற்றில் அவர் சேர்ந்த இடம் தெரிகிறது. இதில் அவர் வந்த வழியும் சேர்ந்து தெரிகிறது.

கேள்வி கேட்ட மாணவனுக்கு நான் சொல்ல வேண்டியது இனிச் சிறிதுதான். தம்பி, இதில் கடல் எங்கே இருக்கிறது என்று நீ கேட்டாய். ஒரு கோட்டையும் சுட்டிக் காட்டி இதுதான் கடல் என்று என்னால் சொல்ல முடியாது. கோடுகளில் பாதியை அழித்துவிட்டால் மிஞ்சிய பாதியில் பாதிக் கடல் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. கரையில் நின்ற ஒருவர் கடலை நெடுநேரம் பார்த்தார். அப்படிப் பார்த்தபோது கண் எங்கெங்கே நின்றது, எங்கெங்கே நகர்ந்தது, எங்கே தடைப்பட்டு மறுபடி ஓடியது என்பது கணக்காக இங்கே எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கணக்கை உன் கண் மறுபடி நடந்து பார்க்குமானால் கடல் அப்போது இருக்கும்.

கூட்டம் முடிந்தபின் அரைமணி நேரம் மண்டபத்தைத் திறந்து வைத்திருக்க நிர்வாகிகள் அன்போடு இசைந்திருக்கிறார்கள். போகிறவர்கள் போகலாம், இருக்க விரும்புகிறவர்கள் முதலில் வாசற்படி அருகே நின்று, அங்கிருந்து படத்தைப் பாருங்கள். பிறகு சிறிது சிறிதாக நெருங்கி, கடைசியில் கைநீட்டினால் எட்டும் தூரத்தில் நின்று பாருங்கள். ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாமல் பார்க்கும்படி மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.